ஒழுங்கையும் வேலியும் போதும்: யாழ்ப்பாணத்தில் செடி பார்க்கும் நடை தொடங்குவது எப்படி

செடி கொடிகளில் விருப்பம் உள்ளவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. அந்த விருப்பத்தை நாலு பேரோடு பகிர வேண்டும் என்று தோன்றியதும் பலர் செய்கிற முதல் வேலை, வான் பிடிப்பது. சுண்டிக்குளம், நெடுந்தீவு, வன்னிக்காடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போவார்கள். படம் எடுப்பார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள். அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள். பார்த்த செடி எதையும் தங்கள் வளவில் காணவில்லை என்றால் அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

நான் சொல்லப்போவது இதற்கு நேர்மாறான வழி. உங்கள் வீட்டு ஒழுங்கையை, வீட்டுக்கு முன்னால் போகும் அந்தச் சின்னத் தெருவை, எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை அதே ஒழுங்கையில், ஒரு வருடம் நடவுங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டிவிட்டுப் போனால், பிறகு குடாநாட்டில் மழை சொற்பம். அதனால் கார்த்திகையில் பார்த்த ஒழுங்கை ஆவணியில் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்குத்தான் அந்த மாற்றம் பிடிபடும். செலவும் இல்லை.

முதலில் தனியே ஒரு நடை

ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் தனியாக நடந்து பாருங்கள். அரைக் கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். செடி பார்க்கிற கூட்டம் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் அவ்வளவுதான், பல நேரம் அதுவும் இல்லை. நிழல் எங்கே இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த இடத்தில் பத்துப் பேர் ஒதுங்கி நிற்கலாம் என்று பார்த்து வையுங்கள். அந்தத் தூரத்தில் பதினைந்து செடிகள் உங்களுக்குத் திடமாகத் தெரிந்தால் போதும். ஐம்பது தெரிந்தவர்தான் நடத்த வேண்டும் என்றில்லை. ஐம்பதும் தெரிந்தவர் வாயை மூடமாட்டார், அது வேறு பிரச்சினை.

பதினைந்தை எங்கே தேடுவது? வேலியில். மதில் கட்டாத ஒரு வேலியாவது இன்னும் எல்லா ஊரிலும் மிச்சம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வேலியில் நிற்பவை தானாக முளைத்த மரங்கள் அல்ல, கதியாலாக, அதாவது ஊன்றினால் தழைக்கும் தடியாக, வெட்டி ஊன்றியவை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிறகு வந்த சீமைக்கிளுவை. அவற்றின் மேல் தானாக ஏறியவை முசுட்டை, தூதுவளை, முடக்கொத்தான், குன்றிமணி, மழைக்குப் பிறகு கார்த்திகைப்பூ. வேலியடியில் தும்பை, குப்பைமேனி, நாயுருவி, கீழ்க்காய்நெல்லி. எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று வந்துவிட்டது. வேம்பு, பனை, எருக்கலை மூன்றையும் சேர்த்தால் பதினாறு, ஒன்று கூடவே இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விஷயம் போதும், ஆனால் அது கையால் தொட்டோ கண்ணால் கண்டோ அறியக்கூடியதாக இருக்க வேண்டும். கிளுவையின் மேற்பட்டை மெல்லிய தாளாக உரியும், உள்ளே பச்சை. கோடையில் இலை முழுவதும் கொட்டினாலும் அந்தப் பச்சைப் பட்டை வெயிலை வைத்துக் கொஞ்சம் உணவு செய்துகொண்டே இருக்கிறது. பூவரசம்பூ காலையில் மஞ்சள். வாடி விழும் நேரத்தில் சிவந்துவிடும். ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூ என்று நினைப்பவர்களுக்கு நேற்றைய பூவையும் இன்றைய பூவையும் காட்டுங்கள். முடக்கொத்தான் காயை உடைத்தால் கறுப்பு விதை, அதில் வெள்ளையாக ஓர் இதய வடிவம். எருக்கலை இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால் வரிப்புழு கிடைக்க வாய்ப்புண்டு. செம்மஞ்சள் நிறத்தில் ஒழுங்கையெல்லாம் பறக்கும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது அதில்தான். எலுமிச்சையிலும் விளாவிலும் இருக்கும் புழு இன்னொரு வகை. குப்பைமேனியை வேரோடு பிடுங்கி வைத்தால் வீட்டுப் பூனை வந்து அதில் புரளும். சிறுவர்களுக்கு இதைவிட வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

பெயர் தெரியாவிட்டால்

தொலைபேசியில் கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலிகள் இரண்டும் உதவும். ஆனால் ஒரு படத்தை வைத்துக்கொண்டு அவை சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பூவை நேராக ஒரு படம், இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை தண்டில் இணையும் இடம், முழுச்செடி, மரமானால் பட்டை என்று எடுங்கள். ஐநேச்சுரலிஸ்டில் போட்டால் வேறு நாடுகளில் இருந்தும் ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டு வளவில் எடுத்த படமானால் இடத்தை மறைத்துப் போடுங்கள், அதற்கு வசதி உண்டு.

தாவரவியல் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது. நாங்கள் பாலை என்று சொல்லும் மரம் மனில்கரா ஹெக்ஸாண்ட்ரா. தமிழகத்தில் அதே பெயரில் வேறு மரங்கள் உண்டு. இணையத்தில் தேடிப் பிழையான மரத்தின் குணங்களைப் படித்துவிட்டு வந்து சொல்லக் கூடாது அல்லவா? நடையில் அந்தப் பெயரை உச்சரித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. யாராவது உயர்தர உயிரியல் மாணவர் கேட்டால் கொப்பியைக் காட்டுங்கள்.

படமும் இணையமும் கைவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது, கைதடியில் சித்த மருத்துவமும் கற்பிக்கிறார்கள். செடியின் ஒரு கிளையைப் பூவோடு கொண்டுபோய் மரியாதையாகக் கேட்டால் யாராவது சொல்லுவார்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் ஒழுங்கையிலேயே கேளுங்கள்.

வேலிக்காரரிடம் கேட்டல்

இதை ஒரு தனிப் படியாகவே வைக்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். எங்கள் ஊரில் பத்துப் பேர் நின்று ஒரு வேலியை உற்றுப் பார்த்தால் உள்ளே இருப்பவர் என்ன நினைப்பார்? காணி அளக்க வந்திருக்கிறார்கள், அல்லது பக்கத்துக்காணிக்காரன் வழக்குப் போட்டுவிட்டான். கதியாலை ஒரு சாண் தள்ளி ஊன்றியதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உள்ள இடம் இது. ஆகவே முதல் நாளே படலையைத் தட்டிச் சொல்லிவிடுங்கள்.

சொல்லப் போனால் நடப்பது இப்படித்தான் இருக்கும்:

“அன்ரி, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை விடிய கொஞ்சப் பேர் செடி பார்க்க வாறம். உங்கட வேலியில நிக்கிற கொடியைக் காட்டலாமோ?”

“எந்தக் கொடி? உதோ? உது முசுட்டையெல்லோ. உதை என்னத்துக்குப் பாக்கிறியள், பிள்ளை?”

“எங்களுக்குத் தெரியாது அன்ரி. என்ன செய்யிறது உதில?”

“வறை செய்யலாம். கஞ்சிக்கும் போடுறது. நில்லுங்கோ, கொஞ்சம் ஆஞ்சு தாறன்.”

சரி, உங்கள் முதல் வழிகாட்டி கிடைத்துவிட்டார். அவரையும் ஞாயிற்றுக்கிழமை படலையடிக்கு வரச்சொல்லுங்கள். இலைக்கஞ்சிக்கு எந்தெந்த இலை சேர்க்கலாம், முசுட்டையை எந்தப் பருவத்தில் ஆய வேண்டும், ஆட்டுக்கு எந்தக் குழை ஆகாது என்பதெல்லாம் இப்படிப்பட்டவர்களின் கையில் இருக்கிறது. அதை அவர்கள் ஓர் அறிவு என்றே எண்ணுவதில்லை, கேட்டால்தான் வரும். புகையிலைத் தோட்டம் செய்த பெரியவர் யாராவது இருந்தால் குழை தாழ்த்தது பற்றிக் கேளுங்கள். பூவரசங்குழையை வண்டியில் கொண்டுவந்து மண்ணுக்குள் புதைத்த காலத்தை அவர் சொல்லும்போது, வேலியில் பூவரசு ஏன் இத்தனை நின்றது என்பது விளங்கிவிடும். வேலி எல்லைக்கு மட்டும் இருக்கவில்லை, பசளையும் தீவனமும் விறகும் அதிலிருந்துதான் வந்தன. மதில் வந்ததும் இவை மூன்றும் காசு கொடுத்து வாங்கும் பொருட்களாகிவிட்டன. மதில் கட்டியவரை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் வேலி அடைக்க இன்று ஆள் கிடைப்பதில்லை.

யார், எப்போது

ஆறு முதல் பத்துப் பேர் நல்ல அளவு. பதினைந்தைத் தாண்டினால் பின்னால் நிற்பவர்கள் காணி விலை பேசத் தொடங்குவார்கள். வயது கலந்திருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் என்றால் அது வகுப்பாகிவிடும், ஓய்வுபெற்றவர்கள் மட்டும் என்றால் பழங்கதை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுக்குத் தோன்றுவதில்லை.

தொடங்க ஏற்ற காலம் மார்கழி கடைசி, தை. மழை ஓய்ந்திருக்கும், நிலம் முழுக்கப் பச்சை, வெயிலும் சுடாது. விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டால் எட்டுக்குள் முடிக்கலாம். பின்நேரம் வைப்பதானால் நாலரைக்குப் பிறகு. சித்திரை, வைகாசியில் காலை மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு போதும். அதில் எழுத வேண்டியவை: எங்கே சந்திப்பது, எத்தனை மணிக்கு முடியும், சப்பாத்து போட்டு வரவேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். சப்பாத்தை வலியுறுத்துங்கள். குடாநாட்டில் கண்ணாடிப் புடையன், சுருட்டை என்ற நச்சுப் பாம்புகள் உண்டு, மழைக்காலத்துப் புல்லுக்குள் செருப்போடு கால் வைப்பது புத்தியில்லை. வேலியோரத்துப் புல்லைத் தடியால் தட்டிவிட்டு நீங்கள் முன்னால் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆள் புழங்காத காணிக்குள், பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை கண்ட பக்கம் போகவே வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் ஊர்க்காரரைக் கேட்காமல் பாழ்வளவுக்குள் கால் வைப்பதில்லை என்று ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். முகாம்களுக்குப் பக்கத்தில் கமராவை வெளியே எடுக்காதீர்கள்.

நடக்கும்போது

பேசும் நேரத்தைக் குறையுங்கள். ஒரு செடிக்கு முன்னால் நின்று முதலில் கேள்வி கேளுங்கள்: இதை யாருக்காவது தெரியுமா? வீட்டில் என்னவென்று சொல்லுவீர்கள்? பத்துப் பேரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லுவார்கள். உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் வாதாடட்டும். பிறகு நீங்கள் வைத்திருக்கும் அந்த ஒரு விஷயத்தைக் காட்டுங்கள். அடுத்த செடிக்குப் போங்கள்.

பனையடிக்கு வந்ததும் மட்டும் இந்த வேகத்தைக் கைவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த மரம் என்பதால் எவரும் உற்றுப் பார்த்திராத மரம் அது. இது ஆணா பெண்ணா என்று கேளுங்கள். நுங்கு காய்ப்பது பெண்பனை மட்டும், ஆண்பனையில் நீண்ட பாளைதான் வரும். பூக்காத வடலியைப் பார்த்து ஆணா பெண்ணா சொல்ல முடியாது, பூக்கவோ பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்கு மேலாகும். நட்டவர் அதுவரை காத்திருக்க வேண்டும். பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் இறங்குகிறது என்பதைப் பாத்தி கிண்டும் காலத்தில், தை மாசியில், நேரே காட்டலாம். கொட்டையிலிருந்து கீழே இறங்கிய கிழங்கு, அதன் நுனியில் வேர், மேலே கொட்டைக்குள் பூரான். கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அவிக்காமல் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அது மாவாகிக் கூழாகும். வரண்ட மணலில் முளைக்கிற ஒரு விதை முதலில் ஈரத்தைத் தேடிக் கீழே போகிறது, தனக்கென்று அங்கே சேர்த்து வைக்கிற உணவை நாங்கள் தோண்டிச் சாப்பிடுகிறோம். இதைப் பாத்தியடியில் நின்று ஒரு தடவை பார்த்த பிள்ளை பிறகு புத்தகத்தில் முளைத்தல் பாடத்தை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பனங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் ஏன் பிழைக்காது என்பதற்கும் விடை இதுதான்.

வாயில் வைப்பது

நடைக்கு வருபவர்கள் எதையாவது சுவைக்க ஆசைப்படுவார்கள். தவறில்லை, பாலைப்பழமும் ஈச்சம்பழமும் சூரைப்பழமும் தின்னாமல் வளர்ந்த தலைமுறைக்கு அவற்றைக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு தெரிந்ததை மட்டும், உங்கள் கையால் பறித்துக் கொடுங்கள். பிள்ளைகள் தாங்களாகப் பறித்து வாயில் வைக்கக் கூடாது என்று தொடங்கும்போதே சொல்லுங்கள்.

நஞ்சுள்ளவை எல்லா ஒழுங்கையிலும் நிற்கின்றன. குன்றிமணி விதை அழகு, ஆனால் மென்று விழுங்கினால் உயிராபத்து. கார்த்திகைப்பூவின் கிழங்கும் அப்படியே. கோயில் வீதியில் நிற்கும் அலரி, குப்பைமேட்டு ஊமத்தை, எருக்கலைப் பால் கண்ணில் படுவது, இவற்றைப் பற்றியும் சொல்லி வையுங்கள். கடற்கரையோரம் போனால் தில்லை மரத்தின் பாலும் கண்ணுக்குக் கேடு, கிளையை முறிக்கவே விடாதீர்கள். பயமுறுத்த வேண்டாம், செடியைக் காட்டி ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் போதும்.

மருந்துப் பேச்சு இன்னொரு சிக்கல். எந்தச் செடியடியில் நின்றாலும் ஒருவர் “இது சலரோகத்துக்கு நல்லம்” என்பார், மற்றவர் அளவு கேட்பார். அந்த இடத்தில் நீங்கள் வைத்தியராகிவிடாதீர்கள். எங்கள் ஆட்கள் இதை இன்னதுக்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லலாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைச் சித்த வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

எது இந்த மண்ணின் செடி?

இரண்டாவது, மூன்றாவது நடையில் இந்தக் கேள்வி எப்படியும் வரும். விடை பலருக்கு அதிர்ச்சி தரும். புளியமரம் ஆபிரிக்காவின் பூர்வீகம். பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்து வந்தது. பப்பாசியும் மிளகாயும், யாழ்ப்பாணத்தின் பெயரைத் தூக்கி நிறுத்திய புகையிலையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. தொட்டாற்சுருங்கியும் அந்தப் பக்கம்தான். சீமைக்கிளுவை மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் கதியாலாகிவிட்டது. மணற்காட்டிலும் காரைநகரிலும் நிற்கும் சவுக்கும் நட்டு வளர்த்த வெளியூர் மரம்.

இதைச் சொல்லும்போது குரலில் கவனம் வேண்டும். புளியமரத்தை வந்தேறி என்று திட்டுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. என் கணக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வந்த செடி மற்றவற்றை வாழவிடுகிறதா? புளி விடுகிறது. நாயுண்ணி பல இடங்களில் விடுவதில்லை. பாத்தீனியம் அறவே விடுவதில்லை. 1980களின் பிற்பகுதியில் இந்தியப் படையினர் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு அதன் விதை வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும், தோல் அரிப்பும் தும்மலும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். தோட்டத்தோரம் பச்சைக் கரட் இலை போல இலையும் சிறு வெள்ளைப் பூவுமாகக் கண்டால் அடையாளம் காட்டுங்கள். பிடுங்குவதானால் பூக்க முதல், கையுறையும் முகக்கவசமும் போட்டு, வேரோடு. பிள்ளைகளை இந்த வேலைக்கு விடாதீர்கள்.

மறுபக்கம், ஊருக்கே உரிய மரங்கள் பல கண்ணில் படாமல் போய்க்கொண்டிருக்கின்றன. பாலை, வீரை, விளா, இலுப்பை போன்றவற்றைப் பழைய கோயில் வீதிகளிலும் குளக்கட்டுகளிலும் தேடுங்கள். உங்கள் ஒழுங்கையில் ஒன்றாவது நின்றால் அதை நடையின் கடைசி நிறுத்தமாக வையுங்கள்.

ஒரு வருடத்தில் பார்க்கக் கூடியவை

மாதத்துக்கு மாதம் அட்டவணை போட்டுத் தரமாட்டேன், மழை பிந்தினால் எல்லாம் பிந்தும். பொதுவாக இப்படி எதிர்பார்க்கலாம். முதல் மழையோடு வேலியடி முழுக்க நாற்றுகள், கொடிகள். கார்த்திகைப்பூ வேலியில் ஏறிப் பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும். தை மாசியில் முள்முருக்கு இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாகப் பூக்கும். மைனாவும் கிளியும் காகமும் அதில் சண்டை போடுவதைப் பார்க்கவே ஒரு நடை வைக்கலாம். கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவது இந்த மரத்தைத்தான் என்று யாராவது சொல்லுவார்கள்.

மாசி பங்குனியில் இலுப்பை. இலையுதிர்ந்து செப்பு நிறத் தளிர் வரும், பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். இந்த நடையை மட்டும் பொழுதுபட்ட பிறகு வையுங்கள். இலுப்பம்பூவுக்கு வௌவால்கள் வரும், மரத்தடியில் பத்து நிமிடம் சத்தமில்லாமல் நின்றால் சிறகடிப்புக் கேட்கும். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய், பிண்ணாக்கிலிருந்து முழுக்குக்கு அரப்பு. ஏன் இந்த மரம் கோயிலடியில் நிற்கிறது என்று கேட்பவருக்கு இதுவே போதுமான காரணம்.

பங்குனி சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும், வடகத்துக்கு ஆட்கள் மரத்தடியில் சீலை விரிப்பார்கள். பிறகு கொன்றை. வைகாசி ஆனியில் பாலையும் ஈச்சும் பழுக்கும். சோளகக் காற்று வீசத் தொடங்கிய பின் நிலம் வரண்டு கிடக்கும். அந்த நேரத்தில் எருக்கலையும் ஆவரசும் பூத்து நிற்பதைக் காட்டத் தவறாதீர்கள். ஆடி ஆவணியில் நாவல், பனம்பழம். ஆட்கள் “இப்ப என்ன இருக்குப் பாக்க” என்று கேட்கும் காலம் இதுதான், ஆகவே நடையைக் கைவிடக் கூடாத காலமும் இதுதான்.

கையில் கொடுத்து அனுப்புவது

வருபவர்கள் வீட்டுக்கு எதையாவது கொண்டுபோனால் அடுத்த முறை அதைப் பற்றிப் பேசவாவது வருவார்கள். விதை கொடுப்பதானால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நாவல், இலுப்பை, வேம்பு விதைகளைப் போத்தலில் போட்டு வைத்துக் கொடுத்தால் முளைக்காது. பழம் விழுந்த சில நாட்களில் சதையைக் கழுவிவிட்டு உடனே மண்ணில் போட வேண்டும். கொன்றை நேர்மாறு. விதையின் தோல் கல்லு மாதிரி, அதை அரத்தாளில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டால்தான் விரைவாக முளைக்கும். பனங்கொட்டையை எங்கே மரம் வேண்டுமோ அங்கேயே புதையுங்கள்.

கதியால் இன்னும் சுலபம். பெருவிரல் பருமனுக்கு மேற்பட்ட கிளுவை அல்லது பூவரசந் தடியை வெட்டி, மழை தொடங்கும் காலத்தில் ஊன்றினால் தழைக்கும். தலைகீழாக ஊன்றாமல் இருந்தால் சரி. வட மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடும் வழக்கம் இருப்பதும் இந்த மழையை நம்பித்தான். வலிகாமத்தின் செம்மண் பல இடங்களில் ஆழமில்லை, கொஞ்சம் கிண்டியதும் சுண்ணக்கல் வந்துவிடும். அலவாங்கு இல்லாமல் குழி வெட்டப் போகாதீர்கள். வைத்த கன்றுக்கு முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் கன்றைக் கொடுக்க வேண்டும். நாடாவெட்டிப் படம் எடுத்து நட்ட கன்றுகளில் எத்தனை ஆவணியைக் கண்டன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பிள்ளைகளுக்கு உலர்செடிக் கொப்பி பிடிக்கும். பூவோடு கூடிய சிறு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே பாரமான புத்தகங்களை அடுக்குங்கள். மழைக்காலமானால் தாளை ஒவ்வொரு நாளும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, திகதி, இடம், எந்த மண், செடியின் உயரம், பூவின் நிறம் எழுத வேண்டும். காய்ந்தால் நிறம் போய்விடும், ஆகவே நிறத்தை அன்றே எழுதிவிட வேண்டும். பெயரைப் பிறகும் கண்டுபிடிக்கலாம். ஒரு கிளைக்கு மேல் பறிக்க வேண்டாம், ஒரே ஒரு செடிதான் நிற்கிறது என்றால் படம் மட்டும்.

இனி வான் பிடிக்கலாம்

ஒழுங்கை ஒரு சுற்று முடிந்த குழுவைத் தூரத்துக்குக் கூட்டிப் போவதில் பயன் உண்டு, வேறுபாடு அவர்கள் கண்ணுக்கே தெரியும். மூன்று இடம் சொல்லுகிறேன்.

மணற்காட்டு மணல்மேடுகளுக்கு விடியவே போங்கள், அடம்பன் பூ வெயில் ஏறிய பிறகு வாடிவிடும். மணலைக் கொஞ்சம் விலக்கி அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டிருப்பதைக் காட்டலாம். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு போவதைப் பிள்ளைகள் துரத்துவார்கள். அது விதை பரப்பும் வழி என்று ஓடிக் களைத்த பிறகு சொல்லுங்கள்.

உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டற்காடு பார்க்கப் பண்ணைப் பக்கமோ சரசாலையோ தொண்டைமானாறோ போகலாம். அங்கே நிற்கும் கண்ணா மரத்து இலையின் மேற்புறத்தை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகள் அதன் மூச்சுவேர்கள், மிதிக்க விடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் கண்டல் மரத்தின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்ட காயாகத் தொங்கும். வலைக்குச் சாயம் ஏற்றக் கண்டற்பட்டை அவித்த கதையைக் கடற்றொழில் செய்யும் ஐயாமாரிடம் கேட்கலாம். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கே போவதானால் வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், ஓர் இலையும் பறிக்கக் கூடாது.

நெடுந்தீவு கடைசி. அங்கே வேலி கதியாலில் இல்லை, பவளக்கல்லை அடுக்கிய வேலி. ஒரு வருடம் கதியால் பார்த்தவர்களுக்கு அந்த வேலியே ஒரு பாடம். பெருக்குமரமும் அங்கே நிற்கிறது, ஆபிரிக்காவுக்கு உரிய மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லுவார்கள். அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். பட்டையில் பெயர் வெட்டுகிறவர்கள் உங்கள் குழுவில் இருக்கக் கூடாது. குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவில் நிழல் குறைவு, தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். இறங்கியதுமே, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.